காசுக்கேற்ற பயன்: காஞ்சிபுரம் வட்டாரத்தில் அரசுச் செலவும் தணிக்கையும்

அரசு செலவழித்த பணத்துக்கு உரிய பயன் மக்களுக்குக் கிடைத்ததா என்று ஆராய்வது செயல்திறன் தணிக்கை. தணிக்கையின் மற்ற இரண்டு வகைகள் பழையவை, பலரும் அறிந்தவை. கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. சட்டம், விதி, அரசாணை ஆகியவற்றுக்கு உட்பட்டுப் பணம் செலவானதா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. இவ்விரண்டிலும் தேறிய திட்டம் செயல்திறன் தணிக்கையில் தோற்றுப்போவது உண்டு. ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கும், டெண்டர் முறைப்படி விடப்பட்டிருக்கும், அளவுப் புத்தகத்தில் பொறியாளர் கையெழுத்தும் இருக்கும், கட்டடமும் நிற்கும். உள்ளேதான் ஆள் இருக்காது.

செயல்திறன் தணிக்கைக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: சிக்கனம், திறன், பயன்விளைவு. வாங்கும் பொருளை நியாயமான விலைக்கு வாங்கினார்களா, வாங்கியதைக் கொண்டு எவ்வளவு வேலை நடந்தது, அந்த வேலையால் எண்ணிய நோக்கம் நிறைவேறியதா என்பவை இவற்றின் சாரம். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதைக் காஞ்சிபுரத்துச் சரிகையை வைத்தே விளக்கலாம்.

தமிழ்நாடு சரிகை நிறுவனம் மாநில அரசுக்குச் சொந்தமானது. 1971 முதல் காஞ்சிபுரத்தில் இயங்கிவருகிறது. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரமான சரிகை கொடுப்பது அதன் வேலை. சங்கம் பட்டையும் சரிகையையும் உறுப்பினரான நெசவாளரிடம் கொடுக்கிறது, சேலை வந்ததும் கூலி தருகிறது, விற்பனையைத் தானே பார்த்துக்கொள்கிறது. சரிகைக்கு விகிதம் குறித்திருக்கிறார்கள்: தங்கம் 0.5 சதவீதம், வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24. சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசினால் அது அசல் சரிகை. அனுபவசாலிகள் அதைக் கல்லில் உரைத்துப் பார்ப்பார்கள். மேல்பூச்சு தேய்ந்ததும் வெண்மை தெரிய வேண்டும், உள்ளே சிவப்பிழை இருக்க வேண்டும். வெண்மைக்கு மாறாகச் செம்பு நிறமே பளிச்சிட்டால் சரக்கு போலி.

இந்த நிறுவனத்தைத் தணிக்கை செய்பவர் முன் எழும் கேள்விகளைப் பாருங்கள். வெள்ளியை என்ன விலைக்கு, சந்தை எந்த நிலையில் இருந்தபோது வாங்கினார்கள் என்பது சிக்கனம் பற்றியது. இயந்திரங்களின் கொள்ளளவுக்கு மாதம் எவ்வளவு சரிகை வந்திருக்க வேண்டும், எவ்வளவு வந்தது, சேதாரம் எவ்வளவு என்பது திறன். சரிகை நேரத்துக்கு வராததால் பாவு ஏற்றிய தறி எத்தனை நாள் சும்மா கிடந்தது, நெசவாளரின் கூலி எவ்வளவு போயிற்று என்பது பயன்விளைவு. முதல் இரண்டுக்கும் விடை நிறுவனத்தின் பதிவேடுகளில் இருக்கிறது. மூன்றாவதற்கு விடை தேடித் தெருவுக்குத்தான் போக வேண்டும். தணிக்கையாளர்கள் பெரும்பாலும் பதிவேட்டோடு நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம்.

சிக்கனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் விளைவு தலைகீழாகும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், மதிப்பீட்டில் தேறியவற்றுள் விலை குறைந்த புள்ளியை ஏற்கச் சொல்கிறது. ஊழலைத் தடுக்க இது நல்ல விதி. ஆனால் தரத்துக்கான நிபந்தனையைத் தளர்வாக எழுதிவிட்டால், மலிவான சரக்கே ஒவ்வொரு முறையும் வெல்லும். பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஓர் ஊரின் பெயர் கெடுவதால் வரும் நட்டம் எந்தக் கணக்கிலும் செலவாக ஏறாது.

இரண்டு நோக்கங்களைச் சுமக்கும் திட்டங்களில் சிக்கல் இன்னும் கூடும். 1983இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் ஏழைகளுக்குப் பொங்கல் துணி தருவதோடு நெசவாளருக்கு வேலை தரவும் வந்தது. துணி வழங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் விசைத்தறியில் மலிவாக நெய்வது சரி. வேலைவாய்ப்பு நோக்கம் என்றால் கூலி அதிகமான கைத்தறிக்குக் கொடுப்பது சரி. எந்த நோக்கத்துக்கு எவ்வளவு எடை என்று அரசாணை சொல்லாதவரை, தணிக்கையாளர் எந்தப் பக்கம் பேசினாலும் துறை மறுபக்கத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும்.

கணக்குக் கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பெயர்பெற்றவை. அவற்றில் தணிக்கைக்கு உரிய பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊர்க் குழுவான வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அந்தத் தடை உண்டு. ஊர்க்கணக்கு எழுதுபவர் தம் காலத்துக் கணக்கைத் தாமே ஒப்படைத்து, நேர்மையானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். அவர் எழுதிய கணக்கை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கரை அமர்த்தவும் கூடாது. இன்றைய ஒப்பந்ததாரர் கறுப்புப் பட்டியல் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. அதே குடும்பம் வேறு பெயரில் அடுத்த டெண்டருக்கு வருவதைத் தடுக்க உத்திரமேரூர் சபையார் யோசித்த அளவுக்கு நம் விதிகள் யோசிக்கவில்லை.

காஞ்சியிலேயே இன்னொரு சான்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயிலின் வரவு செலவுகளுக்கு ஏற்பாடு செய்யும் அந்த ஆவணத்தில், கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நகரத்து நெசவாளர் சேரியாரிடம் விடப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு வரும் வட்டியும் நெல்லும் எந்தெந்தச் செலவுக்கு என்று முன்கூட்டியே பிரித்து எழுதியிருக்கிறார்கள். செலவுக்கு முன்பே அளவுகோல் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்றைய அமைப்பு இப்படி இருக்கிறது. அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, அதாவது சிஏஜியை, அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிறுத்துகின்றன. அவருடைய அதிகாரங்களை 1971ஆம் ஆண்டுச் சட்டம் விவரிக்கிறது. மாநிலம் பற்றிய அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சிக் கணக்குகளை மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. பட்டுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை. கோயில்களுக்கு அறநிலையத் துறைச் சட்டப்படி தனித் தணிக்கை.

இந்தப் பிரிவினையால் ஒரே தெருவில் செலவாகும் பணம் நாலு பேர் கணக்கில் கிடக்கிறது. எடுத்துக்காட்டாக, 2015 ஜனவரியில் மத்திய அரசு 'ஹிருதய்' என்ற பாரம்பரிய நகர மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த 12 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இருந்தன. மொத்த ஒதுக்கீடு 500 கோடி ரூபாய், காஞ்சிபுரத்தின் பங்கு 23.04 கோடி. கோயிலைச் சுற்றிய சாலை, விளக்கு, கழிப்பறை, குளக்கரை போன்ற வேலைகள் இத்திட்டத்தின் வரம்புக்குள் வந்தவை. ஆனால் மதிலுக்கு உள்ளே அறநிலையத் துறை, வெளியே உள்ளாட்சி, நெடுஞ்சாலை என்றால் வேறு துறை. வெளியூர்ப் பயணி நடக்கச் சிரமப்படும் ஒரு தெருவுக்கு மூன்று துறைகளும் பணம் செலவழித்து, மூன்றின் கணக்கும் சரியாக இருக்கலாம். அந்தத் தெரு மேம்பட்டதா என்று கேட்கத்தான் ஒரே தணிக்கையாளர் இல்லை.

கட்டி நிற்கும் வேலையையாவது பிறகு போய்ப் பார்க்கலாம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவம் வேறு மாதிரி. 40 ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த 48 நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்ததாகக் கணக்கு. பந்தல், தற்காலிகக் கழிப்பறை, தடுப்புக் கட்டை, குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம் எல்லாம் விழா முடிந்ததும் பிரித்துச் செல்லப்படுபவை. பிறகு வரும் தணிக்கையாளர் பார்க்க மிஞ்சுவது வாடகைப் பட்டியல்தான். இத்தகைய செலவில் உடன்நிகழ் தணிக்கை, அதாவது வேலை நடக்கும்போதே இடத்தில் நின்று எண்ணிப் பார்ப்பது, ஒன்றுதான் வழி. அடுத்த முறை 2059இல் வரும்போது, எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை போதவில்லை என்ற குறிப்பு ரசீதுக் கட்டை விடப் பயன்படும்.

தனியாரோடு சேர்ந்து செய்யும் வேலைகளில் தணிக்கையின் தன்மையே மாறுகிறது. சாதாரண ஒப்பந்தத்தில் அரசு பணம் கொடுத்துச் சாலையை வாங்குகிறது. பொது-தனியார் கூட்டாண்மையில், தனியார் முதல் போட்டுச் சாலை போட்டு, 15 முதல் 30 ஆண்டுகள் வரை கட்டணமாகவோ அரசின் தவணையாகவோ திரும்ப எடுத்துக்கொள்கிறார். அரசு வாங்குவது சேவையை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே விலையின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. ஐந்தாம் ஆண்டில் வரும் தணிக்கையாளர் குறை கண்டாலும் மீதிக் காலத்தை மாற்ற முடியாது.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே ஓர் ஒப்பீடு செய்ய வேண்டும் என்பது பல நாடுகளின் வழக்கம். இதே வேலையை அரசே கடன் வாங்கிச் செய்தால் மொத்தத்தில் என்ன ஆகும், தனியாருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். இந்தக் கணக்கின் சூட்சுமம் கழிவு வீதத்தில் இருக்கிறது. 30 ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 10 சதவீதக் கழிவில் 6 ரூபாய்க்கும் குறைவு, 6 சதவீதக் கழிவில் 17 ரூபாய்க்கு மேல். வீதத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே நெடுங்காலத் தவணை மலிவாகத் தோன்றும். இன்னொரு சூட்சுமம் இடர்ப் பகிர்வு. போக்குவரத்து குறைந்தால் யாருக்கு நட்டம், நிலம் தாமதமானால் யார் ஈடுகட்டுவது என்பதற்கெல்லாம் ஒரு தொகை போட்டு அதைத் தனியார் பக்கம் வரவு வைப்பார்கள். அந்தத் தொகை ஆலோசகரின் ஊகம். முடிவு முதலிலேயே தெரிந்திருந்தால் ஊகம் அதற்கேற்ப வளையும்.

இந்தக் கூட்டாண்மை முறையை 1992 முதல் பெரிய அளவில் கையாண்ட பிரிட்டன் பட்ட பாடு நல்ல பாடம். அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 700க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 2040களின் இறுதிவரை கொடுக்க வேண்டியிருந்த பாக்கி 199 பில்லியன் பவுண்டு. ஒரு தொகுதிப் பள்ளிகளை அரசே கடன் வாங்கிக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவை விட 40 சதவீதம் கூடுதலாக ஆகியிருந்தது. அதே மாதம் பெரிய ஒப்பந்த நிறுவனமான கரிலியன் திவாலானது. அந்த ஆண்டு அக்டோபரில் புதிய ஒப்பந்தங்களையே அரசு நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த வகையின் ஆரம்பக் காட்சிகள் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்தவை. 1998இல் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் சேர்ந்து தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தன. அது கிழக்குக் கடற்கரைச் சாலையை மேம்படுத்தி 2002 முதல் கட்டணம் வசூலித்தது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையும் அதன் கையில் வந்தது. மெட்ரோ ரயில் பணிக்காக அந்தச் சாலையின் நான்கு சாவடிகள் 2021 ஆகஸ்டில் மூடப்பட்டன. நாவலூர் சாவடி 2023 அக்டோபரில் மூடப்பட்டது. மக்களுக்கு அது நிம்மதி. ஆனால் கட்டண வருவாயை நம்பிப் போட்ட கணக்கை அரசு ஒரு முடிவால் மாற்றும்போது, அந்த இழப்பு கருவூலத்தின் பக்கம் திரும்பும் என்பதையும் தணிக்கை குறித்துவைக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தார் தினம் பயன்படுத்தும் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் கதை பயன்விளைவைப் பற்றியது. மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையிலான பகுதி சரியாகப் பராமரிக்கப்படாததைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், சாலை சீராகும்வரை அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. தணிக்கை அறிக்கை பல ஆண்டு கழித்துச் சொல்லியிருக்கக்கூடியதை நீதிமன்றம் உடனே செய்தது. சேவை பாதி என்றால் விலையும் பாதி என்ற நியாயம் சாலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியது. வாகன ஓட்டிகள் நீதிமன்றத்தை நம்பி நிற்கும் நிலை ஒப்பந்தம் எழுதியவர்களின் தோல்வி.

தென் மாநிலச் சுங்கச்சாவடிகளைப் பற்றிய சிஏஜி அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. விதிகளை மீறிச் சாலைப் பயனாளரிடம் 132.05 கோடி ரூபாய் வசூலானதாக அது கணக்கிட்டது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த பரனூர் சாவடியும் அதில் உண்டு. 1954இல் கட்டிய பாலாற்றுப் பாலத்தை மேம்படுத்தாமலே அதற்கும் சேர்த்து 22 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தார்கள். அதே சாவடியில் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை கடந்த வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டண விலக்கு பெற்றவையாகப் பதிவாகியிருந்ததைச் சிஏஜி சுட்டிக்காட்டியது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. வருவாயைக் குறைத்துக் காட்ட வாய்ப்புள்ள இடத்தில், வண்டிகளை எண்ணும் வேலை வசூலிப்பவர் கையிலேயே இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

சிஏஜி தனியாரின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாமா என்பது தீராத வழக்கு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, அரசிடமிருந்து ஓராண்டில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், தன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்கும் குறையாமல் பணம் பெறும் அமைப்பைத் தணிக்கைக்குள் கொண்டுவருகிறது. உதவித்தொகை ஒரு கோடியை எட்டினால் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் முன்அனுமதியோடு தணிக்கை செய்யலாம். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்கதிர்ப்பூர் கைத்தறிப் பட்டுப் பூங்காவைப் போன்றவற்றை இந்த வரம்பில் வைத்துப் பாருங்கள். 2005இல் வந்த ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டத்தில் மத்திய அரசு செலவில் 40 சதவீதம், 40 கோடி ரூபாய்க்கு மிகாமல் தந்தது. பூங்காவை நடத்துவது தொழில்முனைவோர் சேர்ந்து அமைக்கும் தனி நிறுவனம். பணம் கோடிக்கணக்கில் வந்தாலும் அது 75 சதவீத வரம்புக்குக் கீழே நிற்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்பதோடு கேள்வி முடிந்துவிடக்கூடும். எத்தனை தறி ஓடுகிறது என்ற கேள்வி தானாக எழுவதில்லை.

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. அலைக்கற்றையைப் பயன்படுத்தி வருவாயில் பங்கு தரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கணக்கைச் சிஏஜி பார்க்கலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லியின் தனியார் மின்விநியோக நிறுவனங்களைத் தணிக்கை செய்யத் தில்லி அரசு போட்ட ஆணையை 2015 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முதல் வழக்கில் உரிம நிபந்தனை அரசின் பங்கைச் சொன்னது, பங்கைச் சரிபார்க்கக் கணக்கு தேவைப்பட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தணிக்கையின் கை நீளும் என்பது இவற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி.

இந்தச் செய்தி காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது மிகவும் வேண்டியது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்தபோது செலவு 20,000 கோடி ரூபாய் என்றது. பின்னர் வந்த மதிப்பீடு 30,000 கோடியைத் தாண்டியது. பல கிராமங்களில் சுமார் 5,746 ஏக்கர் தேவை. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், மீதி அரசு நிலம். அரசு நிலத்தில் ஏரிகளும் நீர்வழிகளும் அடங்கும். அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்துப் போராடிவருகிறார்கள், கிராம சபைகளில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொள்கை ஒப்புதல் தந்தது.

இங்கே அரசின் பங்கு ரொக்கத்தை விட நிலமாகத்தான் இருக்கும். நிலத்தின் விலை கணக்கில் எப்படி ஏறும் என்பதற்குத் தில்லி விமான நிலையம் பற்றிய 2012ஆம் ஆண்டுச் சிஏஜி அறிக்கையைப் பார்க்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கான சுமார் 240 ஏக்கர் நிலத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகையில் பெற்ற நிறுவனத்துக்கு அதிலிருந்து 58 ஆண்டுகளில் 1,63,557 கோடி ரூபாய் வருவாய் வரக்கூடும் என்று அது சொன்னது. எதிர்கால ரூபாயை அப்படியே கூட்டியிருக்கிறார்கள், இன்றைய மதிப்பில் அது மிகச் சிறிய தொகை என்று நிறுவனம் மறுத்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. நிலத்துக்கு ஒப்பந்தத்தின்போதே நேர்மையாக விலை போட்டிருந்தால் அந்தச் சண்டையே வந்திராது என்பதும் உண்மை.

பரந்தூரில் ஒப்பீட்டுக் கணக்கு நிலத்தின் சந்தை விலையோடு ஏரிப் பாசனம் போவதால் வரும் இழப்பையும், மழைக்காலத்தில் அந்த நீர் போய்ச் சேரும் இடங்களின் வெள்ளச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த கழிவு வீதத்தையும் இடருக்குப் போட்ட தொகையையும் டெண்டருக்கு முன்பே சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பயணிகள் எண்ணிக்கை குறைந்தால் அரசு ஈடுகட்டுமா என்பதை மறைவின்றிச் சொல்ல வேண்டும். உரிமம் பெறும் நிறுவனத்தின் வருவாய்க் கணக்கு முழுதும் சிஏஜிக்குத் திறந்திருக்கும் என்ற ஒரு வரி, ஏலம் கேட்பவர்கள் விலை குறிப்பதற்கு முன்பே ஒப்பந்த வரைவில் இடம்பெற வேண்டும். கையெழுத்தான பிறகு அந்த வரியை நீதிமன்றத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.